தெருவிளக்குக்குத் தொப்பி போடச் சொன்னால் தப்பா?

கேள்வி, 8 ஜூன் 2025

"இரவு விளக்கைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று இப்போது பலரும் கிளம்பியிருக்கிறார்கள். ஒளி மாசாம். புகையில் மாசு சரி, ஆற்றில் மாசு சரி, வெளிச்சத்திலுமா? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆறு வருடம் மனு எழுதி இப்போதுதான் விளக்குக் கம்பம் வந்திருக்கிறது. அதற்குள் அணைக்கச் சொல்கிறீர்களா? நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர் கேமரன் மலைக்குப் போகட்டும்."

8 ஜூன், இரவு 9.40

கேமரன் மலைக்குப் போனாலும் கதை அதுதான். அங்கே செவ்வந்திக் கூடாரங்களில் ராத்திரி விளக்கு எரியும், சரிவு முழுக்கப் பளபளவென்று கிடக்கும். ஏன் எரிக்கிறார்கள் தெரியுமா? செவ்வந்தி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். இரவு நீண்டால் மொட்டு விட்டுவிடும். காம்பு நீளமாக வளரும்வரை செடியை ஏமாற்றி வைக்கத்தான் அந்த விளக்கு. ஒரு செடிக்கே இரவா பகலா என்று குழம்ப வைக்கிற சங்கதி, மற்ற உயிரை ஒன்றும் செய்யாது என்று எப்படிச் சொல்வது?

அணைக்கச் சொன்னது யார்? நான் முப்பத்தொரு வருடம் வயர்மேன். முதலில் தோட்டத்தில், அப்புறம் சொந்தமாக. விளக்கு மாட்டிச் சாப்பிட்டவன். மேலே தொப்பி மாதிரி மூடி போட்டு விளக்கு கீழே பார்க்கட்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

என் வீட்டு முனையில் ஒரு கம்பம் இருக்கிறது. அதன் தலை சாலையைப் பார்த்துக் குனியாமல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. எதிர்வீட்டு மாமரத்தின் உச்சி இலைகளை எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம். என் படுக்கையறைச் சுவரில் சன்னல் கம்பியின் நிழல் கோடு கோடாக விழுகிறது. கம்பத்துக்கு அடியில் சாலையில் ஒரு குழி. அது மட்டும் தெரியாது. எதிரே மோட்டாரில் வருகிறவனுக்கு விளக்கு கண்ணில் குத்துவதால், கண் சுருங்கி, குழி இருட்டாகிவிடுகிறது. போன மாதம் பால்காரர் அதில்தான் விழுந்தார். வெளிச்சத்துக்கு நடுவில் விழுந்த மனிதர்.

8 ஜூன், இரவு 10.15

சொல்ல விட்டுப்போனது: கம்பம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். கிண்டல் இல்லை. ஆறு வருடம் என்பது சின்ன விஷயமா.

9 ஜூன்

"வெள்ளை விளக்குதானே நல்லது, பழைய மஞ்சள் விளக்கில் ஆள் முகமே தெரியாது" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். பாதி சரி. பழைய சோடியம் விளக்கில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே சாம்பல்தான். அதற்காக நேரே 6500 கெல்வினுக்குப் போக வேண்டியதில்லை. கெல்வின் என்பது வெளிச்ச நிறத்தின் அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும். பெட்டியில் "டேலைட்" என்று போட்டிருப்பது அதுதான். பெயரிலேயே பகல் இருக்கிறது, அதை ராத்திரி முழுக்கக் கொளுத்துகிறோம். நடுவில் 2700, 3000 எல்லாம் இருக்கிறது. அதில் முகம் தெரியும், சட்டை நிறமும் தெரியும்.

நீலம் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். 450 நானோமீட்டர் நீலம் 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும். நீலம் கூடின எல்.இ.டி.யை மேலே பார்க்க வைத்தால் ஊருக்கு மேல் பால் கலந்த மாதிரி ஒரு மூட்டம் நிற்பது அந்தச் சிதறலால்தான். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், கரண்டு பில் பாதியானது. மிச்சமான பாதியை நாம் என்ன செய்தோம்? இன்னும் இரண்டு விளக்கு மாட்டினோம்.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. எடுத்த மறுவாரம் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கைத்தொலைபேசிக் கடையின் எல்.இ.டி. பலகை ஊசி மாதிரி குத்தியது. வலதை மூடி இடதால் பார்த்தால் அதே பலகை டீ நிறத்தில் சாந்தமாக இருந்தது. புரைதான் இத்தனை நாள் எனக்கு வடிகட்டி. இடது கண்ணையும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

11 ஜூன்

இன்று பௌர்ணமி. அதனால் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் ஆக மோசமான விளக்கு கடைக்காரன் போட்டதில்லை, நான் போட்டது. மூன்று வருடம் முன்னால், மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துக்கு நான்கு ஸ்பாட்லைட், ஒவ்வொன்றும் 200 வாட். தரையில் வைத்து மேல் நோக்கித் திருப்பினேன். கூலி வாங்கவில்லை, அம்மனுக்குச் செய்தது. தலைவர் மாலை போட்டார். ஊர் பெயரைக் கேட்காதீர்கள், கோல சிலாங்கூர் மாவட்டம் என்பதோடு விடுங்கள். தலைவரும் இதைப் படிப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விளக்கு, 800 வாட், மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. ஒரு ராத்திரிக்கு 9.6 யூனிட், மாதம் 288. கோபுரம் எவ்வளவு அகலம்? விளக்கின் வீச்சு எவ்வளவு அகலம்? கோபுரத்தில் பட்டது பாதி இருந்தால் அதிகம். மிச்சம் நேரே மேலே, அங்கே பார்க்க யாரும் இல்லை. கோயில் பத்து மணிக்கே நடை சாத்திவிடும். பத்துக்கு மேல் ஏழு வரை யாருக்கு எரிந்தது?

மழை விட்ட ராத்திரியில் போய்ப் பார்த்தால் விளக்குக் கண்ணாடியே தெரியாது, அத்தனை ஈசல். காலையில் இறக்கையை முறத்தில் வாரி எடுப்பார்கள். இறக்கை வந்த ஒரு ராத்திரி அதுகளுக்குக் கல்யாண ராத்திரி, அதை நம் கோபுர வாசலில் சுற்றிச் சுற்றியே முடித்துக்கொள்கின்றன. அப்புறம் செம்பனையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு. அதுவும் வெளிச்சத்துக்கு வரும் பூச்சி. கோயிலுக்குப் பின்னால் பத்து அடியில் செம்பனை நிரை.

கோயிலுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. சன்னலுக்குக் கருப்புத் துணி போட்டு ஆணி அடித்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம்தான் கேட்டேன். "சாமி விளக்கு மாமா, எப்படிச் சொல்றது" என்றாள்.

12 ஜூன்

குடத்துக்குள் வைத்த விளக்கு, குன்றின் மேல் வைத்த விளக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். குன்றின் மேல் இருப்பது உசத்தி, குடத்துக்குள் இருப்பது வீண் என்று வாத்தியார் சொன்னார். அறுபத்து நாலு வயதில் இப்போது ஊர் ஊராக "விளக்கைக் குடத்துக்குள் வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாத்தியார் இருந்தால் காதைத் திருகியிருப்பார்.

ஆனால் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்து வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அதுதான் தொப்பி விளக்கு. பக்கத்திலிருந்து பார்த்தால் பல்பு கண்ணில் படக்கூடாது, தரைதான் தெரிய வேண்டும். இதற்கு மேல் தொழில்நுட்பம் ஏதும் இல்லை.

15 ஜூன்

"லயத்தில் பிறந்து வளர்ந்தவர் இருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா" என்று ஒருவர். காட்டமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஜென்செட் மாலை ஆறரைக்குப் போடுவார்கள், பத்துக்கு நிறுத்துவார்கள். பத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருமுறை விளக்கு மங்கிப் பிரகாசமாகும். எஞ்சின்காரர் கொடுக்கிற எச்சரிக்கை. அப்பா அந்தப் பத்து நிமிடத்தில் உளியைத் தீட்டி முடிப்பார், அம்மா பாயை விரிப்பாள், நாங்கள் வீட்டுப்பாடத்தைக் கிறுக்கி முடிப்போம். பிறகு டக்கென்று இருட்டு. எஞ்சின் சத்தம் நின்றதும் தவளைச் சத்தம் தொடங்கும். தவளை அதுவரையும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும், எஞ்சினில் நமக்குக் கேட்டிருக்காது.

வாசலில் உட்கார்ந்தால் மேட்டில் துரை பங்களா தெரியும். அங்கே மட்டும் விளக்கு எரியும். வராந்தா விளக்கு, தோட்டத்து விளக்கு, நாய்க் கூண்டுக்கு ஒரு விளக்கு. அவர்களுக்குத் தனி எஞ்சின். எங்கள் லயத்தில் பிரசவம் என்றால் மண்ணெண்ணெய் விளக்கு, பங்களா நாய்க்குக் கரண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான் வயர்மேன் ஆனேன் என்றால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். கொஞ்சம் கட்டுக்கதைதான். சம்பளமும் ஒரு காரணம்.

ஆகையால், "இரவு பத்துக்கு மேல் விளக்கை அணை" என்று எவனாவது மேலே உட்கார்ந்து சொன்னால் எனக்கு அந்த எஞ்சின் நிற்கிற சத்தம்தான் கேட்கிறது. நம் ஆட்கள் கோபப்படுவதை வெளியூரிலிருந்து வந்து பேசுகிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நமக்கு இருட்டு என்பது இயற்கை அழகு இல்லை, அடுத்தவன் சுவிட்சைப் பிடித்திருந்தான் என்பதுதான் இருட்டு.

சட்டம் வருவதானால் பங்களாவிலிருந்து தொடங்கட்டும் என்பது என் கட்சி. மூடிய கார் கடையின் விளக்கு, ஆளில்லாத தொழிற்சாலைச் சுவர், ராத்திரி முழுக்கப் படம் ஓட்டும் விளம்பரப் பலகை, நான் போட்ட கோபுர விளக்கு. இதெல்லாம் முடிந்த பிறகு லயத்துச் சந்துக்கு வாருங்கள். சந்துக்கு வரும்போது அணைக்க வராதீர்கள், தொப்பி போட வாருங்கள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் அந்த வாசலில் பார்த்த வானத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை மறைக்க மாட்டேன்.

15 ஜூன், சற்று நேரம் கழித்து

அம்மா பால் வெட்டுக்குப் போகும்போது விடிவெள்ளியைப் பார்த்துத்தான் மணி சொல்வாள். "வெள்ளி ரப்பர் மர உச்சிக்கு வந்தாச்சு, பெரட்டுக்கு மணி அடிப்பான், எழுந்திரு." பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். எங்களிடம் கடிகாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

16 ஜூன்

திருத்தம். தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: விடிவெள்ளி எல்லா நாளும் விடியலில் வராதே, அம்மா மற்ற மாதங்களில் என்ன செய்தார்? சரியான பிடி. வெள்ளிக் கோள் ஏறக்குறைய எட்டு, ஒன்பது மாதம் விடியலில் கிழக்கே நிற்கும், அப்புறம் சூரியனுக்குப் பின்னால் மறையும், பிறகு அதே அளவு காலம் மாலையில் மேற்கே. ஒரு சுற்றுக்கு 584 நாள். இந்த வருடம் மார்ச் வரை மாலையில் இருந்தது, இப்போது விடியலில் இருக்கிறது. அம்மா மற்ற மாதங்களில் என்ன பார்த்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வேறு விண்மீனைக் காட்டி வெள்ளி என்று சொல்லியிருக்கலாம். அல்லது கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள்தான்.

இன்னொரு திருத்தம், இதை நானே கண்டுபிடித்தேன். 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். என் சின்ன வயது ஐந்து மணி இப்போதைய ஐந்தரை. அப்படியானால் ஜென்செட் நின்ற பத்து மணியும் இப்போதைய பத்தரை. துரைக்கு அரை மணி வரவு வைத்துவிடுகிறேன். நாய்க் கூண்டை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

21 ஜூன்

"எந்த நாட்டில் இப்படிச் சட்டம் இருக்கிறது, சும்மா பேசாதீர்கள்."

அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்று ஒரு ஊர். 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கேதான். கடைக்காரர்கள் வானத்தில் தேடுவிளக்கைச் சுழற்றி விளம்பரம் செய்ததை 1958இலேயே அந்த ஊர் தடை செய்தது. அப்போது இங்கே மெர்டேக்கா (சுதந்திரம்) வாங்கி ஒரு வயதுதான். ஸ்பெயினின் கேனரி தீவுகளுக்கு 1988இல் வானத்துக்கென்றே தனிச் சட்டம். செக் நாடு 2002, ஸ்லோவேனியா 2007. பிரான்சில் 2013லிருந்தே கடைக் கண்ணாடி விளக்கை இரவு ஒரு மணிக்குள் அணைக்க வேண்டும், 2018 டிசம்பரில் வெளிவிளக்கின் நிறத்துக்கும் மேல்நோக்கிய ஒளிக்கும் வரம்பு வைத்தார்கள். நிறத்துக்கு வரம்பு 3000 கெல்வின். இந்தியாவில் லடாக்கின் ஹன்லேயை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கதையும் கேளுங்கள். 2016இல் உலகம் முழுவதற்கும் வான வெளிச்ச வரைபடம் ஒன்று வெளியானது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால்வீதியைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. முதல் இடம் சிங்கப்பூருக்கு. அங்கே எந்த மூலையில் நின்றாலும் கண் முழு இருட்டுக்குப் பழகாதாம், அவ்வளவு வெளிச்சம். ஜொகூரில் இருக்கிற என் மச்சான் இதைப் படித்துவிட்டு "நாங்க ரெண்டாவது" என்று பெருமையாகச் சொன்னார். அப்படி எங்கும் போடவில்லை மச்சான்.

2023இல் வந்த இன்னொரு ஆய்வு: ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள், கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று பன்னிரண்டு வருடம் பதிந்த கணக்கு. வானம் சராசரியாக வருடத்துக்கு 9.6 சதவீதம் வெளிச்சமாகிறது. 250 விண்மீன் தெரிகிற இடத்தில் பிறக்கிற குழந்தைக்குப் பதினெட்டு வயதில் 100 தெரியும்.

21 ஜூன், மாலை

மேலே ஒரு பிழை. பதிவுகள்தான் ஐம்பதாயிரத்துக்கு மேல், ஆட்கள் அத்தனை பேர் என்று சொல்ல முடியாது. ஒருவரே பலமுறை பதியலாம். அவசரத்தில் எழுதியது.

22 ஜூன்

"இங்கே யார் அளப்பார்கள்? அதிகாரி ராத்திரி மீட்டரைத் தூக்கிக்கொண்டு வருவாரா?"

வர வேண்டாம். கடைக்குப் பலகை மாட்ட ஏற்கெனவே ஊராட்சி மன்றத்தில் லைசென்ஸ் எடுக்கிறோம். அந்த விதிகள் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் வருபவை. எழுத்தின் அளவு, பலகையின் அளவு, தேசிய மொழி எங்கே இருக்க வேண்டும், எல்லாம் அதில் பார்க்கிறார்கள். "இத்தனை மணிக்கு மேல் இத்தனை பிரகாசம்தான்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வருடா வருடம் புதுப்பிக்கும்போது கேட்கலாம். புதுத் தாமான் கட்டும்போது திட்ட அனுமதி வாங்குகிறார்கள் அல்லவா, விளக்குக் கம்பத்தின் வரைபடம் அங்கேயே இருக்கிறது. தொப்பி வேண்டும் என்று அதில் எழுதுவது ஒரு பேனா வேலை. மாட்டிவிட்ட பிறகு மாற்றுவதுதான் ஏணி, லாரி, ஆள், காசு.

26 ஜூன்

நேற்று அமாவாசை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தான் போனேன். உள்ளூர்க்காரனாக இருந்தும் பத்து வருடத்துக்கு மேல் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து பார்க்கிறார்கள், நமக்கு அரை மணி மோட்டார் ஓட்டச் சோம்பல்.

சம்பான் படகில் நான்கு பேர், துடுப்புப் போடுகிறவர் ஐந்தாவது. சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கரையில் விட்டு வந்த விளக்கு கண்ணிலேயே நிற்கிறது. நான்கைந்து நிமிடம் கழித்து ஒரு மரத்தில் யாரோ ஊசியால் குத்திய மாதிரி இரண்டு புள்ளி, அப்புறம் இருபது, அப்புறம் மரம் முழுக்க. ஒரே தாளத்தில் விட்டு விட்டு எரிகிறது. ஆண் பூச்சிகள் பெண்ணைக் கூப்பிடுவது அது. சின்னவன் ரகசியமாகக் கேட்டான்: "தாத்தா, இதுக்கு டைமர் யாரு வெச்சது?" வயர்மேன் பேரன்.

துடுப்புக்காரர் மலாய்ப் பெரியவர். சத்தமாகப் பேச மாட்டார். எங்களுக்கு முன்னால் போன சம்பானில் ஒருவர் தொலைபேசியில் ஃபிளாஷ் போட்டுவிட்டார். அந்தக் கிளை மட்டும் தாளம் தப்பியது. திரும்பச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டும். ஃபிளாஷ் போடக் கூடாது என்பது அங்கே விதி. ஆறு பூராவும் எல்லோரும் அதை மதிக்கிறார்கள், ஒருவர் தப்பினால் பத்துப் பேர் உஸ் என்கிறார்கள். பாருங்கள், விளக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் மாவட்டத்திலேயே நடைமுறையில் இருக்கிறது, நாம்தான் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை.

புழுவாக இருக்கும்போது இந்த மின்மினி கரைக்குப் பின்னால் ஈரமண்ணில் குட்டி நத்தையைத் தின்று வாழ்கிறது. ஆக, மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, பின்னால் இருக்கும் நிலமும் வேண்டும். வெளிச்சம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தை வெட்டியதும், ஆற்று நீர் மாறியதும் எல்லாம் சேர்ந்தது. வெளிச்சம் மட்டும் சுவிட்சில் இருக்கிற காரணம்.

கோல சிலாங்கூரிலேயே புக்கிட் மெலாவத்தியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதே குன்றில் நோன்புக்குப் பிறை பார்க்கவும் கூடுவார்கள். ஒரே குன்றில் கடலுக்கு ஒரு விளக்கு, வானத்துக்கு ஒரு இருட்டு. குன்றின் மேல் விளக்கு வைத்தால் இப்படி வை என்று வாத்தியாருக்குக் காட்டலாம்.

29 ஜூன்

நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு.

என் தம்பி மகள் தொழிற்சாலையில் ஷிப்டு. காலை ஐந்து மணிக்குப் பஸ். வீட்டிலிருந்து பஸ் நிற்குமிடம் முந்நூறு மீட்டர், ஒரு பக்கம் செம்பனை. அவளிடம் இந்த இணைய இழையைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "பெரியப்பா, நீங்க எழுதுறது நல்லாத்தான் இருக்கு, அந்த முந்நூறு மீட்டரை நீங்க நடங்க" என்றாள்.

நடந்தேன். அவளோடு வெள்ளிக்கிழமை காலை. முதல் நூறு மீட்டரில் மூன்று கம்பம், நடுவில் இரண்டு எரியவில்லை, கடைசியில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் ஸ்பாட்லைட் நேராக எங்கள் முகத்தில். அதன் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் தினமும் நடக்கிறாளாம். அவளுக்கு வெளிச்சம் அதிகமா, குறைவா? இரண்டும்தான். வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் கொட்டுகிறது.

ஆய்வு கேட்டவர்களுக்கு: இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 62 ஊராட்சிப் பகுதிகளில் தெருவிளக்கைக் குறைத்ததையும் அணைத்ததையும் பார்த்து 2015இல் ஒன்று வந்தது. விபத்தோ குற்றமோ கூடியதாகச் சான்று கிடைக்கவில்லை. இதை நான் இரண்டு வருடமாக எல்லா டீக்கடையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரம் வைத்தார்கள். இரவில் வெளியில் நடக்கும் பெரிய குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. அதை டீக்கடையில் சொல்லவில்லை. வசதியாக மறந்துவிட்டேன். இப்போது சொல்லியாயிற்று.

எங்கள் சந்து வேல்ஸ் மாதிரியா, நியூயார்க் மாதிரியா? இரண்டும் இல்லை. அங்கே செம்பனை கிடையாது. எட்டாம் தேதி எழுதியதில் "கீழே பார்க்கட்டும், அவ்வளவுதான்" என்ற தோரணையில் எழுதிவிட்டேன். அது போதாது. எரியாத இரண்டு கம்பத்தை எரிய வைப்பதும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும். விளக்குச் சட்டம் என்றால் கூடுதலுக்கும் குறைவுக்கும் சேர்த்துத்தான். கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து புகார் கொடுத்தாயிற்று.

29 ஜூன், இரவு

கிடங்குக்காரரைப் பார்த்தேன். நல்ல மனிதர். "அண்ணே, அது திருடனுக்குப் போட்டது" என்றார். திருடனுக்கு நன்றாகத்தான் உதவுகிறது, பூட்டு எங்கே என்று தேட வேண்டியதில்லை என்றேன். சிரித்தார். ஏணி கொடுத்தார். பத்து நிமிட வேலை, நட்டைத் தளர்த்திக் கீழே சாய்த்தேன். இப்போது வெளிச்சம் அவர் கேட்டில் விழுகிறது. கேட்டின் துருவை முதன்முறையாகப் பார்த்ததாகச் சொன்னார்.

3 ஜூலை

கோயில் விஷயம். கேட்டவர்கள் பலர், மழுப்பிக்கொண்டிருந்தேன்.

கமிட்டியில் பேசினேன். ஒருவர், "அம்மன் கோபுரத்தை இருட்டில் விடுவதா, பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்" என்றார். இன்னொருவர் கரண்டு பில்லைக் கேட்டார். எதிர்பார்த்தபடி பில்தான் வென்றது, தவளையும் மின்மினியும் குழந்தையும் வெல்லவில்லை. பூசாரி மட்டும், "கருவறையில் ஒரு எண்ணெய் விளக்குதான் எரிகிறது, அது போதும் என்றுதான் அவளே உட்கார்ந்திருக்கிறாள்" என்றார். கமிட்டி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

முடிவு: தரையிலிருந்து மேலே பார்த்த நான்கையும் எடுத்துவிட்டு, மேல் விளிம்பிலிருந்து கீழே வழிகிற மாதிரி இரண்டு, 30 வாட், 3000 கெல்வின். பத்தரைக்கு அணைய டைமர். திருவிழா நாட்களில் விடிய விடிய.

சனிக்கிழமை மாட்டினேன். கோபுரத்தின் பொம்மைகளுக்கு நிழல் விழுந்து மூக்கு, கண் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. மேலே பார்த்த விளக்கில் அவை தட்டையாக, மாவு பூசின மாதிரி இருந்தன. தலைவர் கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "துவாரபாலகருக்கு மீசை இருக்கா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை இடி. கரண்டு மூன்றரை மணி நேரம் இல்லை. நான் வைத்தது பழைய முள் டைமர், கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முப்பத்தொரு வருட வயர்மேனுக்கு இது தெரியாதா? தெரியும். வீட்டில் சும்மா கிடந்ததே என்று மாட்டினேன். விளைவு, நேற்று மாலை ஏழு மணிக்கு எரிய வேண்டியது எரியவில்லை. இருட்டில் பூசை. பத்தரைக்கு வேறு வழியில்லாமல் எரிந்து, அடுத்த வீட்டுச் சன்னலைக் குத்திக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை நின்றிருக்கிறது. "பழைய விளக்கே தேவலை" என்று கமிட்டி வாட்சப்பில் பதினேழு செய்தி. பதினெட்டாவது அந்தப் பெண்: "பரவால்ல மாமா, ரெண்டு மணிக்கு அணைஞ்சுதே."

5 ஜூலை, காலை 6.10

டைமர் முள்ளைச் சரி செய்ய ஐந்தேகாலுக்கே கோயிலுக்குப் போனேன். விளக்கு அணைந்திருந்தது. ஏணியைச் சாத்திவிட்டுக் கிழக்கே பார்த்தேன். செம்பனை உச்சிக்கு மேலே விடிவெள்ளி, பெரிசாக. அதற்கு இடப்பக்கம் சற்று மேலே ஒரு சின்னப் புகை மாதிரி. முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். கார்த்திகை விண்மீன் கூட்டம். வலது கண்ணால் எண்ணினால் ஆறு, இடதால் ஒன்றும் இல்லை, வெறும் புகை.

பஸ்ஸுக்குப் போன தம்பி மகள் அந்த வழியாக வந்தாள். கிடங்கு விளக்கு குனிந்துவிட்டது, நடுக்கம்பம் இரண்டும் இன்னும் எரியவில்லை. புகார் எண்ணை அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேர் கேட்டால் நல்லது.

இடது கண்ணுக்கு டாக்டரிடம் தேதி வாங்க வேண்டும். பேட்டரி உள்ள டைமர் கிள்ளானில் என்ன விலை என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், கமிட்டி ஐம்பது ரிங்கிட்டுக்கு மேல் தராது.